நாகப்பட்டினத்தில் இல்லாத விகாரம்



இடிபாடு பார்க்கப் புறப்படுகிறவர்கள், போகிற இடத்தில் இடிபாடாவது இருக்கும் என்று நம்பித்தான் புறப்படுகிறார்கள். நாளந்தாவுக்குப் போனால் துறவிகள் தங்கிய அறைகளின் செங்கல் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. ஹம்பிக்குப் போனால் ஒரு நாள் போதாது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைத் தேடிப் போகிறவருக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் நான் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டார்: "எந்த விகாரம் சார்? சினிமாவுல வந்துச்சே, அதுவா? அது இங்க இல்லையே, செட்டுப் போட்டு எடுத்தாங்க." வெளிப்பாளையத்தில் இறக்கிவிட்டார். கடைகள், வீடுகள், உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பிகள், மீன் வண்டிகள். பார்க்க வேண்டியது என்று விரல் நீட்டிக் காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

ஆட்டோக்காரர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்த விகாரம் கல்கியின் நாவல் வழியாகத்தான் அறிமுகம். அருள்மொழிவர்மர் காய்ச்சலோடு அங்கே கிடந்ததும் பிட்சுக்கள் மருந்து கொடுத்ததும் கடல் பொங்கி வந்ததும் யாருக்குத்தான் மறக்கும்? ஆனால் ஆவணத்தை எடுத்து வைத்துக்கொண்டால் காலம் இடிக்கிறது. அந்த அருள்மொழிவர்மர், அதாவது இராஜராஜன், பட்டத்துக்கு வந்தது 985-ல். அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06-ல், இந்த விகாரம் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று செப்பேடு சொல்கிறது. கதையில் இளவரசன் படுத்திருந்த கட்டடத்துக்கு அப்போது அஸ்திவாரம்கூடப் போட்டிருக்க முடியாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அந்தப் பெயரை ஊர் மறக்காமல் இருப்பதற்கு அவர்தான் காரணம். நான் பேச வந்தது செப்பேட்டில் இருக்கும் விகாரத்தைப் பற்றி. என் பார்வையில் அதுதான் நாவலைவிடச் சுவாரசியம்.

ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் லைடன் பெரிய செப்பேடுகள் என்றும் அவற்றைச் சொல்வார்கள். மொத்தம் 21 ஏடுகள். 5 வடமொழி, 16 தமிழ். இராஜராஜனின் மகன் இராஜேந்திரனின் முத்திரை பதித்த பெரிய வளையத்தில் கோத்தவை. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ. டச்சுக்காரர்கள் நாகையை ஆண்ட காலத்தில் கப்பலேறி, கைமாறிக் கைமாறி, 1862-ல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வடமொழிப் பகுதி கவிஞன் எழுதியது: சோழர் குலப் பெருமை, விகாரத்தின் உயரத்துக்கு முன்னால் மேருவே சிறுத்துப் போனது என்பது மாதிரி. அவன் வேலையை அவன் செய்திருக்கிறான். தமிழ்ப் பகுதி கணக்குப்பிள்ளை எழுதியது. வரலாறு படிக்கிறவன் உட்கார வேண்டியது கணக்குப்பிள்ளையின் பக்கத்தில்தான்.

அவர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? அரசர் தஞ்சாவூரில் புறமாளிகையில், இராஜாசிரயன் என்று பெயர் கொண்ட கட்டடத்தில், தென்புற மண்டபத்தில் வீற்றிருந்தபோது, ஆட்சியாண்டு 21, நாள் 92-ல், இந்த ஆணை பிறந்தது என்கிறார். எந்த மண்டபத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பது வரைக்கும் பதிவாகியிருக்கிறது. ஆணை இதுதான்: கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுப்பிக்கிற விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான மானியமாக, கொடுக்கப்படுகிறது. வடமொழிப் பகுதியில் கட்டியவன் பெயர் மாறன் விசயோத்துங்கவர்மன். தந்தை சூளாமணிவர்மன் பெயரில் கட்டினான் என்று வருகிறது. தந்தை தொடங்கி மகன் முடித்தான் என்று கொண்டால் இரண்டும் பொருந்திவிடும்.

அப்புறம் நிலக்கணக்கு. ஊரின் நிலம் 97 வேலியும் சில்லறையும். சில்லறை என்று நான் சுருக்குகிறேன், அவர் சுருக்கவில்லை. மா, காணி, முந்திரிகை, முந்திரிகைக்குக் கீழே இன்னும் முந்திரிகை என்று கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறார். நம் தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அந்தக் கணக்கை அப்படியே வைத்துப் பார்த்தால் 650 ஏக்கரை ஒட்டி வரும். அதிலிருந்து அரசுக்கு வந்துகொண்டிருந்த காணிக்கடன் 8,943 கலமும் சில்லறையும் நெல். அதுவும் நாழி வரைக்கும் சுத்தம். அந்த நெல் இனிமேல் பண்டாரத்துக்குப் போகாது, பள்ளிக்குப் போகும். வேலிக்கு ஏறக்குறைய 92 கலம். நாளொன்றுக்கு இருபத்து நாலரைக் கலம். தஞ்சைப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள் இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பாருங்கள். எத்தனை பேர் சாப்பிடலாம், எத்தனை விளக்கு எரியலாம், கூரை ஒழுகினால் கொத்தனாருக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம்!

நெல்லோடு நின்றதா? இல்லை. ஊரில் வசூலாகும் சிறு வரிகளையும் வரிசையாக எழுதி ஒப்படைக்கிறார்கள். கல்யாணம் நடந்தால் கட்டும் கண்ணாலக்காணம், வண்ணார் துவைக்கும் கல்லுக்கு வண்ணாரப்பாறை, குயவருக்குக் குசக்காணம், தட்டாருக்குத் தட்டாரப்பாட்டம், தறிக்கு ஒன்று, தரகுக்கு ஒன்று. ஆனைமங்கலத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அதிலிருந்து ஒரு காசு, கடல் கடந்த அரசன் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு வந்து சேரும். அந்தப் பெண்ணுக்குப் புத்தரைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

எல்லையை எப்படி வரைந்தார்கள் என்பதையும் ஏடு விவரிக்கிறது. ஒரு பெண் யானையை முன்னால் விட்டு, அது சுற்றிவந்த தடத்தில் அதிகாரிகளும் நாட்டாரும் நடந்து, கல்லை நட்டு, கல்லுக்குப் பக்கத்தில் கள்ளிச் செடியையும் நட்டார்கள். கல்லை ராத்திரியில் பிடுங்கி நகர்த்திவிடலாம். வேர்விட்டு வளர்ந்த கள்ளியை அப்படிச் சத்தமில்லாமல் நகர்த்த முடியாது. பிறகு சுற்றுவட்டத்து ஊர்களின் சார்பில் ஒவ்வொருவராகக் கையெழுத்து. அந்த ஊர்களில் பல பிரமதேயங்கள். பௌத்தப் பள்ளியின் எல்லைக்கு அந்தணர் ஊர்கள் சாட்சி. இதை மத நல்லிணக்கம் என்று மேடையில் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம். பக்கத்து வயல்காரன் யாராயிருந்தாலும், பாகம் பிரிக்கும்போது கூட நின்று பார்க்காவிட்டால் நம் வரப்புக்கு ஆபத்து. அந்த நிலவுடைமை எச்சரிக்கைதான் கையெழுத்துகளில் எனக்குத் தெரிகிறது. நல்லிணக்கம் இருந்தது, அது இப்படிப்பட்ட காரியங்களின் நடுவில்தான் இருந்தது.

சரி, கடாரத்து அரசனுக்கு நாகப்பட்டினத்தில் என்ன வேலை? கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. சுமத்திராவின் ஸ்ரீவிசயத்தையும் சேர்த்து ஆண்டவர்கள் சைலேந்திர மரபினர். இவர்களுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அதே மரபைச் சேர்ந்த பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்டினான். வங்கத்துப் பால அரசன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களைக் கொடுத்தான். கட்டடம் வெளியூர்க்காரருடையது, சோறு உள்ளூர் அரசன் கொடுத்தது. நாகையில் நடந்ததும் அதே ஏற்பாடு.

ஆனால் நாளந்தா படிப்புக்கான ஊர். நாகை காற்றுக்கான ஊர். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யிஜிங் எழுதி வைத்த பயணக் குறிப்புகளில், கெடாவிலிருந்து மேற்கே 30 நாள் கப்பலில் போனால் நாகப்பட்டினம், அங்கிருந்து 2 நாளில் சிங்களம் என்று வழி சொல்லியிருக்கிறார். வாடைக்காற்றில் கிழக்கேயிருந்து வருகிற கப்பல், திரும்பிப் போகக் காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். வியாபாரி, மாலுமி, யாத்திரை வந்த பிட்சு எல்லோரும் மாதக்கணக்கில் கரையில். அவர்களுக்குத் தங்க இடம், கும்பிடச் சாமி, சரக்கும் பணமும் நம்பி வைக்கத் தெரிந்த முகங்கள் வேண்டும். விகாரம் இந்த மூன்றுக்கும் உதவியது என்பது என் ஊகம். அதற்கு நேரடிச் சான்று கேட்டால் நான் காட்டுவது அதே ஊரின் சிவன் கோயிலை. காயாரோகணசுவாமி கோயில் கல்வெட்டுகளில் ஸ்ரீவிசய அரசனின் முகவர்கள் நகைகளும் பொன்னும் கொடுத்தது பதிவாகியிருக்கிறது. கொடுத்த பொன்னில் சீனக்கனகமும் உண்டு. புத்தருக்கு விகாரம் கட்டிய அரசனின் ஆட்களே சிவன் கோயிலுக்கும் பொருள் கொண்டுவந்து வைக்கிறார்கள். வியாபாரம் செய்யும் ஊரில் எல்லாச் சாமியிடமும் கணக்கு நேராக இருக்க வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில் வரலாறு ஒரு திருப்பம் கொடுக்கிறது. தந்தை கொடுத்த ஊரைச் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்த இராஜேந்திரன்தான் 1025-ல் கப்பற்படையை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததாக மெய்க்கீர்த்தி சொல்கிறது. அப்படியானால் நாகையிலிருந்த விகாரம் என்னவாயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 1090-ல், முதலாம் குலோத்துங்கனின் 20-ஆம் ஆட்சியாண்டில், கடாரத்திலிருந்து இரண்டு தூதர்கள் வந்து, நாகையிலுள்ள பள்ளிகளின் பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரி விலக்கு உறுதி கேட்கிறார்கள். லைடனுக்குப் போன சிறிய செப்பேடுகள் அதைப் பதிவு செய்தவை, மூன்றே ஏடு. அதில் நம் விகாரத்தின் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. இன்னொன்று இராஜேந்திர சோழப் பெரும்பள்ளி. கடாரத்தைக் கொள்ளையடித்தவன் பெயரில் ஒரு பள்ளி. அதற்கு வரிச் சலுகை கேட்டு வருவது கடாரத்துத் தூதர்! அரண்மனை அரசியலும் துறைமுகமும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை. படையெடுப்பு ஒரு பருவத்து வேலை. நெல் ஆண்டுதோறும் விளைகிறது, காற்றும் ஆண்டுதோறும் திரும்புகிறது.

விகாரத்துக்குள் என்ன நடந்தது என்பதற்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் 1856 முதல் 1934 வரை மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் சுமார் 350. டி.என். இராமச்சந்திரன் 1954-ல் அவற்றைப் பற்றி விரிவான நூல் எழுதினார். பல திருமேனிகள் சாண் உயரம்கூட இல்லை. நின்ற புத்தர் ஒருவரைக் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தேன். தலையுச்சியில் தீச்சுடர் போல ஒரு கொழுந்து எழுகிறது, மேலாடையின் மடிப்பு ஓரம் மட்டும் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு, வலக்கை அபயம். முகம் மட்டும் மழுங்கி, மூக்கு இருந்த இடம் தேய்ந்திருந்தது. அபிஷேகமும் துடைப்பும் தேய்க்கிற தேய்வை நம் வீட்டுப் பூஜையறையில் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

இப்போது நியூயார்க்கில் இருக்கும் ஒரு நாகை புத்தரின் பீடத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது. இராஜேந்திர சோழப் பெரும்பள்ளியைச் சேர்ந்த, பொற்கொல்லர்களின் பெயர் தாங்கிய அக்கசாலைப் பெரும்பள்ளிக்கு, திருவுற்சவத்தில் எழுந்தருள்வதற்காகச் செய்த 'ஆழ்வார்' என்று அந்தத் திருமேனியைச் சொல்கிறது. ஆழ்வார் என்பது புத்தர்! ஆக, நாகையில் தட்டார்கள் கைங்கரியத்தில் புத்தர் உற்சவமூர்த்தியாகப் புறப்பாடு கண்டிருக்கிறார். நாம் பௌத்தத்தை அயலூர்ச் சமயமாகவும் கோயில் வழிபாட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பதாகவும் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்தோம். அந்தப் பீடம் வேறு கதை சொல்கிறது. திருமங்கையாழ்வார் நாகையிலிருந்து பொன்புத்தரைக் கொண்டுபோய்த் திருவரங்கத்துத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று குருபரம்பரை சொல்வதும் இங்கே நினைவுக்கு வரும். அது கதையா நடந்ததா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நாகை என்றால் புத்தர், புத்தர் என்றால் பொன் என்று வைணவர்களுக்கே ஒரு நினைப்பு இருந்தது, அவ்வளவு போதும்.

இனி இறக்கம். பதினான்காம் நூற்றாண்டுச் சீன வணிகர் வாங் தாயுவான், ஒரு கடற்கரை ஊரில் செங்கற் கோபுரம் நிற்பதாகவும் அதில் 1267-க்குச் சரியான ஆண்டோடு சீன எழுத்து இருப்பதாகவும் எழுதினார். அது நாகைதான் என்பது ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. அப்போதும் ஊர் உயிரோடு இருக்கிறது. பர்மாவின் பெகுவில் அரசன் தம்மசேதி வெட்டிவைத்த கல்யாணி கல்வெட்டுகள், 1476-ல் இலங்கையிலிருந்து திரும்பும்போது கப்பல் உடைந்து கரையேறிய பிட்சுக்கள் நடந்தே நாகப்பட்டினம் வந்ததைச் சொல்கின்றன. வந்தவர்கள் பதரிகாராம விகாரம் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். சீன தேசத்து அரசன் செய்வித்த குகையில் புத்தரை வணங்கினார்கள். கவனியுங்கள், விகாரம் இருந்த இடம். ஆக 1476-லேயே நாகைக்கு இடிபாடு பார்க்க வருகிறவர்கள் இருந்திருக்கிறார்கள். நானும் நீங்களும் முதல் ஆள் இல்லை.

யாரும் படையெடுத்து வந்து விகாரத்தை எரித்ததாகச் சான்று இல்லை. சோழர் ஆட்சி போனது, ஊர் மானியங்கள் யார் யார் கையிலோ போயின, கடாரத்து அரசர்களும் போனார்கள், கப்பல்களின் வழியும் வாடிக்கையாளரும் மாறினார்கள். இருபத்து நாலரைக் கலம் நெல் வருவது நின்றால் எந்தப் பள்ளி நிற்கும்? திருமேனிகளை யாரோ பத்திரமாகப் பூமியில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோபுரம் மட்டும் நின்றது. அதற்குப் புது வேலை ஒன்று கிடைத்திருந்தது: கடலிலிருந்து வருகிறவனுக்கு ஊர் அடையாளம் காட்டுவது. போர்த்துக்கீசியரும், 1658-ல் நாகையைப் பிடித்த டச்சுக்காரரும், 1781-ல் வந்த ஆங்கிலேயரும் அதைப் பார்த்துத்தான் துறை சேர்ந்தார்கள். சீனக் கோபுரம், சமணக் கோபுரம், கறுப்புக் கோபுரம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது புதுவெளிக் கோபுரம். பௌத்தம் என்ற நினைவே யாருக்கும் இல்லை.

1846-ல் சர் வால்டர் எல்லியட் அதை நேரில் பார்த்தார். நாற்சதுரம், மூன்று அடுக்கு, சாந்தில்லாமலே இழைத்து இழைத்து வைத்த செங்கல், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாசலுக்கான திறப்பு, உள்தளங்கள் போய் உச்சி திறந்த நிலை. பத்து வருஷம் கழித்து, 1856-ல், பக்கத்தில் நின்ற பெரிய இலுப்பை மரத்தை இயேசு சபைப் பாதிரியார்கள் வெட்டி எடுத்தபோது அடியிலிருந்து ஐந்து சிலைகள் வந்தன. 1859-ல் பழுதுபார்க்கலாமா என்று அரசாங்கத்தில் பேச்சு எழுந்து ஓய்ந்தது. 1867 ஆகஸ்டில் பாதிரியார்கள் மனுப் போட்டார்கள்: கோபுரத்தை இடித்து, அந்தச் சாமான்களைத் தங்கள் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும். கோப்பு நகர்ந்தது, ஒப்புதல் கிடைத்தது, கோபுரம் இறங்கியது.

இதில் வெறுப்பைத் தேடினால் கிடைக்காது. அவர்களுக்குச் செங்கல் வேண்டியிருந்தது. அதிகாரிகளுக்குத் தலைவலி குறைந்தால் போதும். மனுவை எதிர்த்து ஊரில் ஒரு கை எழுந்ததாகவும் தெரியவில்லை. எனக்குக் கோபம் வருவதெல்லாம் அந்தக் கடைசி விஷயத்தில்தான். நெல் கொடுத்த ஊர், கையெழுத்துப் போட்ட ஊர்கள், புறப்பாட்டில் திருமேனியைத் தோளில் சுமந்த தட்டார் தெரு எல்லாம் அக்கம்பக்கத்தில்தான் இருந்தன. கும்பிட்டவர்கள் போன பிறகு அது பொதுச்சொத்தாக மாறவில்லை. கேட்பாரற்ற சொத்தாக மாறியது. நம் கிராமங்களில் இடிந்த சத்திரத்துக்கும் தூர்ந்த குளத்துக்கும் இன்றைக்கும் நடப்பது அதுவேதான். அந்தக் கல்லூரியோ 1883-ல் திருச்சிராப்பள்ளிக்கு இடம் மாறிவிட்டது. அதுதான் தூய வளனார் கல்லூரி.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகையிலிருந்து தொடங்காதீர்கள், எழும்பூரில் தொடங்குங்கள். திருமேனிகளைப் பார்த்த கண்ணோடு காயாரோகணசுவாமி கோயிலுக்குப் போங்கள். கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள், பொறுமையாகச் சுற்றுங்கள். பிறகு கீழ்வேளூர்ப் பக்கம் ஆனைமங்கலம். அங்கேயும் கட்டடம் ஒன்றும் இல்லை, வயல்தான். ஆனால் அந்த விகாரத்தை நிறுத்தி வைத்திருந்த ஒரே பொருள் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது அங்கேதான். தை மாதத்தில் போனால் அறுவடை நடக்கும். அறுவடைக்காரர்களிடம் வேலிக்கு என்ன காணும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கணக்கை வேலிக்கு 92 கலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

எல்லியட் 1878-ல் வெளியிட்ட கோபுரப் படத்தின் பிரதி மேசை மேல் இருக்கிறது. கேள்வி கேட்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டால் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.